தலை எண்ணாத அக்கா

அக்காவை எனக்குப் பிடித்துப்போனது ஒரு மாம்பழ மூட்டையால். பிடிக்காமல் போனது அதற்கு அடுத்த வாரமே, ஆபீஸ் சர்வரால். நடுவில் இருந்த அந்த ஒரு வாரம் நல்ல வாரம்.

ராஜபாளையத்தில் மில்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. அதில் மூன்று பிரிவு. மில்களின் சம்பளம், சரக்கு எல்லாம் பார்க்கிற கணக்குப் பிரிவில் ஒரு பட்டாளமே இருந்தது. கடைகளுக்கு வெப்சைட் போட்டுத் தருகிற பிரிவில் அதில் பாதி. நாங்கள் துணிப் பிரிவு, மூன்றே பேர்: நான், காதர், வ. புதுப்பட்டியிலிருந்து வரும் செல்வி. பேண்டேஜ் துணி உருளையில் ஓட ஓடக் கேமராவால் பார்த்து, ஓட்டை இருந்தாலோ இழை விட்டுப்போயிருந்தாலோ மணியடித்துச் சொல்கிற புரோகிராம் எங்களுடையது. மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மில்கூட இன்னும் வாங்கவில்லை. ஒரு ஆளாவது வாங்கவில்லை என்றால் பிரிவை மூடிவிடுவேன் என்று முதலாளி மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூடினால் எனக்குச் சென்னைதான் கதி. என் மனைவி சுகந்தி நர்ஸ். எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ பார்த்து, அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறுதல் வாங்கியிருந்தாள். கையில் பல் முளைக்காத பிள்ளை. அவள் இங்கே, நான் அங்கே என்று ஆனால், பிள்ளை என்னைப் பார்த்து 'இது யாரு' என்று கேட்டுத்தான் பேசப் பழகும். ஆகவே எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான்: துணிப் பிரிவு பிழைத்துக் கிடக்க வேண்டும்.

அக்கா எந்தப் பிரிவிலும் சேர்த்தி இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டியிருப்பார். சர்வர் ரூம் குளிருக்காகச் சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பார். சித்திரை வெயிலில் வாசலில் நின்று டீ குடிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது ஓசூரில் இருக்கிறார். எப்படியும் இதைப் படித்துவிடுவார். 'எனக்கு மட்டும் எதுக்குலே தனியாப் பேரு' என்று போன் வரும்.

முதலாளியின் தோப்பிலிருந்து ஒரு மூட்டை சப்பட்டை மாம்பழம் வந்தது. ஆளுக்கு இத்தனை என்று எண்ணிப் பிரிப்பதுதான் அதுவரை வழக்கம். அன்றைக்கு அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டை முன்னால் உட்கார்ந்தார். மூன்று குவியல் போட்டார். மூன்றும் ஒரே அளவு. பிரிவுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். எங்கள் மூன்று பேருக்கு ஒரு குவியல், கணக்குப் பிரிவுப் பட்டாளத்துக்கும் அதே ஒரு குவியல். அவர்கள் கொதித்துப்போனார்கள். நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம், அவர்கள் மூன்று பேர்தானே என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

"நீங்க அம்புட்டுப் பேரா வந்தது அவிய குத்தமா?" என்றார் அக்கா. "உள்ளுக்குள்ள எப்படிப் பிரிச்சுக்கிடுவீங்களோ, அது உங்க பாடு."

செல்விக்கு மாம்பழம் ஆகாது, உடம்பில் கட்டி வந்துவிடும். ஆக நானும் காதரும் மட்டும் ராஜா மாதிரி மேஜையில் பழத்தை அடுக்கி வைத்து, கணக்குப் பிரிவைப் பார்க்கவைத்துத் தின்றோம். எவ்வளவுதான் தின்ன முடியும்? வயிறு நிறைந்து கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் மீதிப் பழத்தைக் காணோம். அக்கா அள்ளிக்கொண்டுபோய்க் கணக்குப் பிரிவில் வைத்துவிட்டார். எங்கள் பங்கை எடுக்க நீங்கள் யார் என்று சண்டைக்குப் போனேன். எல்லாரும் கையை நீட்டும்போதுதான் பங்கு என்றெல்லாம் பேச வேண்டும், நீ நீட்டாதபோது நீட்டுகிறவனுக்கு எல்லாம், பழத்தை அழுக விட நான் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்போதும் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய விஷயம் இல்லையா?

இனி சர்வர். பெரிய மெஷின் ஒன்று. மூன்று பிரிவும் அதில்தான் வேலை பார்த்தாக வேண்டும். உள்ளே எத்தனை புரோகிராம் ஓடினாலும் மெஷின் தன் நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, இதற்குக் கொஞ்சம் அதற்குக் கொஞ்சம் என்று ஊட்டிக்கொண்டே இருக்கும். புரோகிராம் யாருடையது என்று அது பார்க்காது. ஒரு புரோகிராம் என்றால் ஒரு வாய், அவ்வளவுதான். இதைக் கணக்குப் பிரிவு முதலில் மோப்பம் பிடித்தது. ஒரே ரிப்போர்ட்டை இருபது துண்டாக வெட்டி, இருபது புரோகிராமாக ஓட்டினார்கள். இருபது வாய், இருபது கவளம். காதர் விடுவானா? எங்கள் வேலையை நாற்பதாக வெட்டினான். அவர்கள் அறுபது போட்டார்கள். வெப்சைட்காரர்கள் பாவம், விவரம் தெரியாமல் ஒற்றை வாயோடு பட்டினி கிடந்தார்கள்.

மாம்பழத்துக்கு அடுத்த வாரம் அக்கா யாரிடமும் சொல்லாமல் சர்வருக்குள் மூன்று குரூப் உண்டாக்கிவிட்டார். மெஷின் இனிமேல் முதலில் நேரத்தை மூன்று குரூப்புக்கும் சமமாகப் பிரிக்கும். அதற்கப்புறம்தான் அந்தந்தக் குரூப்பின் பங்கு உள்ளே இருக்கிற புரோகிராம்களுக்குப் போகும். எங்களுக்கு இது தெரியாது. நாற்பது போட்டோம், வேகம் வரவில்லை. எண்பதாக்கினோம், ஆமையாகிவிட்டது. எண்பதும் எங்கள் ஒரே பங்குக்குள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டிருந்தன. பின்னால் யாரோ டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"இன்னும் போடுங்கலே," என்றார் அக்கா. "செத்த நேரம் வேடிக்கை பாக்கேன்."

மாம்பழத்தில் இனித்த அதே கணக்கு சர்வரில் கசந்தது. அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. எனக்கு அதில் இன்னும் கோபம்.

அவருடைய அக்கா மகள் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். நானும் காதரும் விடியற்காலையிலேயே மடவார் வளாகத்தில் அந்த வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே ஒரே ஒரு குளியலறை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் கொஞ்சம்பேர். பெண் வீட்டுக் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பட்டுச் சேலையோடு. இரண்டு வரிசை. இந்த வரிசையில் ஒருவர் போய் வந்தால், அடுத்து அந்த வரிசையில் ஒருவர். துண்டைத் தோளில் போட்டிருந்த ஒரு அத்தை பொறுக்க முடியாமல் வந்தார். ஏட்டி, நம்ம ஆளுக தெருவுல நிக்காக, அந்தப் பக்கம் ரெண்டே பேருக்கு இம்புட்டு மரியாதையா என்று பிடித்துக்கொண்டார். நம் ஆட்களைக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே அத்தை என்று அக்கா சிரிக்காமல் சொன்னார். மாப்பிள்ளை வரிசை காலியாகிற நேரம் பெண் வீட்டார் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அதற்கு யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

பெண் வீட்டு மாமா ஒருவர் நைசாக மாப்பிள்ளை வீட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார். அக்கா பார்த்தார். திட்டவில்லை. முகம் மலர எழுந்துபோய், இவர் உங்க பக்கத்து ஆளுதான் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் அறிமுகம் செய்துவைத்தார். மாமா ஜம்மென்று குளித்துவிட்டு வந்தார். வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அவர் தலையில் ஒரு வாழைத்தாரை ஏற்றி மண்டபத்துக்கு நடக்கவிட்டார்கள்; அவர்கள் பக்கம் ஆள் குறைவல்லவா. மாமா திரும்பித் திரும்பி அக்காவை முறைத்துக்கொண்டே போனார்.

இவ்வளவையும் என் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் காதர். பார்த்தும் புத்தி வரவில்லை. அடுத்த வாரமே எங்கள் புரோகிராம் சிலவற்றை வெப்சைட் குரூப்புக்குள் ஒளித்து ஓடவிட்டான். அங்கே பாதி நாள் ஆளே இருக்காது என்பது அவன் கணக்கு. அரை நாள் நன்றாகத்தான் போனது. மத்தியானம் வெப்சைட் பிரிவுத் தலைவர் வந்து, நீங்க எங்க பிரிவுக்கு வந்துட்டதா மேடம் சொன்னாங்க, ரொம்பச் சந்தோஷம் என்று காதர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாத்திரக்கடை ஒன்றின் வெப்சைட்டுக்கு எவர்சில்வர் குடங்களின் படத்தையெல்லாம் பளபளப்பாக்கித் தருகிற வேலையைக் கொடுத்தார். காதர் அந்த வாரம் முழுக்கக் குடம் துலக்கினான்.

இப்படிப்பட்டவரிடம் சின்ன முதலாளி மோதினார். முதலாளியின் மச்சினர் அவர், கணக்குப் பிரிவுக்குத் தலைவர். நாங்கள் வைத்த பெயர்தான் சின்ன முதலாளி. பட்டாளம் வைத்திருக்கும் தனக்கும் மூன்றே பேர் இருக்கும் எங்கள் பிரிவுக்கும் ஒரே பங்கா என்று அவருக்கு ஆற்றாமை. ஒருநாள் முதலாளி அறைக்குள் போய், "பாவா" என்று அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. அப்புறம் அக்காவைக் கூப்பிட்டார்கள். சர்வரில் ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு நம்பர் உண்டு என்றும், எல்லாருக்கும் இப்போது நூறு என்றும், நம்பர் கூடக்கூடப் பங்கு கூடும் என்றும், அதிகபட்சம் பத்தாயிரம் வரை வைக்கலாம் என்றும் அக்கா பணிவாகச் சொன்னாராம். பத்தாயிரத்தையே வையுங்கள் என்றார் சின்ன முதலாளி. அவர் கண் முன்னாலேயே புதிதாக ஒரு குரூப் உண்டாக்கி, அவர் பெயரையே அதற்கு வைத்து, பத்தாயிரம் என்று தட்டிக் காட்டிவிட்டார் அக்கா.

அன்றைக்குச் சாயந்திரம் டீக்கடையில் சின்ன முதலாளியைப் பார்த்திருக்க வேண்டுமே. எனக்கு வயிறு எரிந்தது. அக்காவா இப்படி வளைந்துகொடுத்தார் என்று ஒரு பக்கம். நூறை வைத்துக்கொண்டு பத்தாயிரத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று மறுபக்கம். யாருக்கும் தெரியாமல் சர்வர் ரூமுக்குப் போனேன். துணிப் பிரிவு மூடினால் என் குடும்பம் என்ன ஆகும் என்று பிள்ளையின் போட்டோவையெல்லாம் காட்டி, எனக்கும் ஏதாவது செய்யுங்கள் என்றேன். அக்கா போட்டோவை ரசித்துப் பார்த்தார். உரித்து வைத்தது மாதிரி உன் பெண்டாட்டி ஜாடை, தப்பித்தது என்றார். அப்புறம் திரும்பி உட்கார்ந்து, எனக்கும் பத்தாயிரம் போட்டுவிட்டார். கெஞ்சக்கூட விடவில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவுக்கு நம் மேல் தனிப் பிரியம் என்றுதான் தோன்றியது. காதரிடம்கூடச் சொல்லாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சத்திரப்பட்டியிலிருந்து ஒரு பேண்டேஜ் மில்காரர் எங்கள் புரோகிராமைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. முதலாளி எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, இவரும் வேண்டாம் என்று போய்விட்டால் இந்த மாதக் கடைசியோடு துணிப் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால் நிஜம் என்று புரிந்தது.

மூன்று பேரில் யாருடைய புரோகிராமைக் காட்டுவது என்ற பேச்சே எழவில்லை. சீனியர் நான், என்னுடையதைத்தான் காட்ட வேண்டும். ஓட்டை, இழை மட்டும் இல்லை, கறை, முடிச்சு, நூல் தடிப்பு எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்கும். செல்வியுடையது ஓட்டையையும் இழையையும் தவிர வேறொன்றும் அறியாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்து ஒத்திகை பார்த்தோம். மேஜையில் உருளை, அதற்கு மேல் கேமரா, பக்கத்தில் மணி. துணியை ஓட்டினோம், ஓட்டை கேமராவுக்குக் கீழே வந்த நொடியில் மணி அடித்தது. சுகந்திக்கு போன் போட்டு மணிச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மில்காரர் வந்தார். அவர்கள் மில் துணியையே இரண்டு சுருள் கொண்டுவந்திருந்தார். முதல் சுருளை மாட்டி ஓட்டினோம். ஓட்டை ஒன்று கேமராவைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் உருளையில் சுற்றிக்கொண்டு மறைந்தும் போனது. அதற்கப்புறம் மணி அடித்தது. அடுத்த ஓட்டைக்கும் அப்படியே. ஊர்வலம் போன பிறகு வேட்டு போடுகிறீர்களே தம்பி என்றார் மில்காரர். முதலாளி முகம் கறுத்துவிட்டது. சுருளை மாற்றும் சாக்கில் அவரைத் தன் அறைக்குக் காப்பி குடிக்கக் கூட்டிப்போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சென்னை பஸ்ஸே தெரிந்தது.

என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கணக்குப் பிரிவு மில் சம்பளக் கணக்கை முழு மூச்சாக ஓட்டிக்கொண்டிருந்தது. வெப்சைட் பிரிவு ஒரு ஜவுளிக்கடையின் தள்ளுபடிப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. சர்வர் ரூமுக்கு ஓடினேன். அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்குப் பத்தாயிரம் போட்டீங்கள்ல?"

"போட்டேன்."

"பொறவு ஏன் இப்படி?"

அக்கா இடது கையால் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் மூன்று பெரிய பெட்டி, பிரிவுக்கு ஒன்று. கணக்கு நூறு, வெப்சைட் நூறு, துணி நூறு. கணக்குப் பெட்டிக்குள்ளே தனியாக ஒரு சின்னப் பெட்டி, சின்ன முதலாளி பெயரில்: பத்தாயிரம். எங்கள் பெட்டிக்குள்ளே தனியாக ஒரு சின்னப் பெட்டி, என் பெயரில்: பத்தாயிரம்; எங்கள் மூன்று பேர் புரோகிராமும் அதற்குள்ளேதான். வெப்சைட் தலைவர் எப்போது வந்து கெஞ்சினாரோ தெரியாது, அவருக்கும் உள்ளே ஒரு பத்தாயிரம்.

"நம்பரு, கூடப் பிறந்தவியளோட போட்டிக்குத்தாம்லே," என்றார் அக்கா. "ஒத்தப் பிள்ளைக்குப் பத்து போட்டா என்ன, பத்தாயிரம் போட்டா என்ன?"

"ஏமாத்திட்டீங்களேக்கா."

"நீ கேட்டது நம்பரு. குடுத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இட்லியைத் தட்டிவிட்டிருப்பேன். பிள்ளை முகம் ஞாபகத்துக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன். கணக்குப் பிரிவை மட்டும் ஒரு பத்து நிமிஷம் நிறுத்திவையுங்கள், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது விளையாடவில்லை. "இன்னைக்கு உனக்காக அவர் பங்கைப் பிடுங்கினேன்னா, நாளைக்கு அவருக்காக உன் பங்கைப் பிடுங்குறவளா ஆயிருவேன். பொறவு எவன்லே என்னை நம்பி மெஷினை விட்டுட்டு வீட்டுக்குப் போவான்?" என்றார். "உன் பங்குல ஒரு பொட்டு குறையல. உள்ள யாரு தின்னுக்கிட்டு இருக்காங்கன்னு பாரு."

பார்த்தேன். எங்கள் பெட்டிக்குள் ஆறு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது சொதப்பினால் சட்டென்று மாற்றிக்கொள்ளலாம் என்று காதர் தன்னுடையதை எனக்குத் தெரியாமல் ஓடவிட்டிருந்தான். செல்வியும் தன்னுடையதை ஓடவிட்டிருந்தாள். அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று முன்பே ஊகித்திருந்த நான் என்னுடையதை நான்காக ஓடவிட்டிருந்தேன். நாலு வாய் என்றால் நாலு கவளம் என்ற பழைய புத்தி. ஆறும் ஒரே துணியைப் போட்டிபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. மணியடிக்க வேண்டிய ஒன்றுக்குக் கிடைத்தது எங்கள் பங்கில் ஒரு விள்ளல்தான். ஞாயிற்றுக்கிழமை ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ஆபீஸில் வேறு யாரும் கையை நீட்டவில்லை. முழு மெஷினும் எங்களுக்கே கிடைத்திருக்கிறது.

என்னுடையதை ஒன்றே ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் நிறுத்திவிட்டால் போதுமா என்று கேட்டேன். அக்கா இல்லை என்று தலையாட்டினார். உன்னோடது நல்ல புரோகிராம்தான், ஆனால் அதற்குப் பசி ஜாஸ்தி, எல்லாரும் வேலை பார்க்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் பத்தாது, செல்வியோடது மட்டும்தான் அதற்குள் அடங்கும் என்றார். தினமும் திரையில் பார்க்கிறவர் சொன்னால் தப்பாக இருக்காது. அப்படியென்றால் நீங்களே மற்றதை நிறுத்திவிடுங்கள், என் கையால் முடியாது என்றேன்.

"நான் வாசல் வரைக்கும்தாம்லே பிரிப்பேன்," என்றார் அக்கா. "உள்ள உங்க வீடு."

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். காதர் உடனே தன்னுடையதை நிறுத்திவிட்டான். குடம் துலக்கியதிலிருந்து அவனுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. செல்வி என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்னுடையதில் ஒன்றை நிறுத்தினேன். இரண்டை நிறுத்தினேன். மூன்று. கடைசி ஒன்றில் விரல் நின்றுவிட்டது. கறையையும் முடிச்சையும் கண்டுபிடிக்க அதற்கு நான் எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தேன்! அழுகை வந்தது, மறைப்பானேன். முதலாளி அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டேன். மணியைச் செல்வியின் புரோகிராமோடு சேர்த்தோம்.

இரண்டாவது சுருள் ஓடியது. ஓட்டை கேமராவுக்குக் கீழே வந்தது, மணி அடித்தது. மில்காரர் நம்பவில்லை. சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, ஓடுகிற துணியில் ஒரு குத்து குத்தினார். மணி அடித்தது. இன்னொரு குத்து. மணி. அப்புறம் மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி குத்திக்கொண்டே இருந்தார், அது அடித்துக்கொண்டே இருந்தது. துணியில் ஒரு கறையும் ஓடியது. மணி அடிக்கவில்லை, அதை நான் மட்டும்தான் பார்த்தேன். கணக்குப் பிரிவில் சம்பளக் கணக்கு ஒரு பக்கம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே மில்லில் கொண்டுவந்து மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மில்காரர் கிளம்பினார். போகும்போது பேனாவை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் செல்வியைத் துணிப் பிரிவுக்குத் தலைவி ஆக்கினார். ஓடியது அவள் புரோகிராம்தானே, வேறு யாரை ஆக்குவார்? நானும் கைதட்டினேன். கொஞ்சம் மெதுவாகத் தட்டினேன். சின்ன முதலாளி என் காதில் வந்து, என் பத்தாயிரத்தையும் மீறி எப்படித் தம்பி ஓட்டினீங்க என்று ரகசியமாகக் கேட்டார். எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் என்று சொல்லிவைத்தேன்.

சாயந்திரம் நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினோம். பக்கத்துப் பக்கத்து சீட். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அதான் பிரிவு பிழைத்துவிட்டதே, ஊரை விட்டுப் போக வேண்டாமே, அப்புறம் என்ன வந்தது என்று அவர் கேட்டார். பிரிவு பிழைத்தது நல்லதுதான். ஆனாலும் நாளையிலிருந்து செல்வியிடம் லீவு கேட்க வேண்டுமே! ஊர் நெருங்கியது. மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"மெஷினை விடுங்கக்கா. அதுல நீங்க யாருக்கும் கூடக் குறைய வைக்க மாட்டீங்க. மனசுல சொல்லுங்க. எங்க மூணு பேருல நீங்க யாரு பக்கம்?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உன் பக்கம்தாம்லே," என்றார்.

இதே கேள்வியைக் காதர் கேட்டிருந்தாலும், செல்வி கேட்டிருந்தாலும் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரைக்கும் வேகமாக நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சுகந்தியிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்பதை அவள் கேட்ட பிறகுதான் சொன்னேன்.